ஹீட்டருக்கு மரியாதை கொடுத்தவர்

"அரை நிமிஷம்னுதான்க்கா நான் சொன்னேன், அரை நிமிஷம் வச்சு எடுத்துட்டு..."

"பட்டாணின்னு நீ வாயைத் திறந்ததே தப்பு, இதுல அரை என்ன முழுசு என்ன..."

"பட்டாணி என்னக்கா பண்ணுச்சு, மாமா அதை நெத்தியில இறுக்கிக் கட்டிக்கிட்டு..."

"கட்டுனது நான்டா. துண்டு போட்டு நான்தான் கட்டுனேன். கையில பிடிச்சுக்கிட்டு நின்னா அந்த ஆளு கண்ணுல படாதா?"

"அப்ப தப்பு உன்மேலதான்."

"ஆமா, என்மேலதான். யோசனை சொல்றது இந்தத் துரை, பழி சுமக்குறது நான்."

குளிர் கிடங்கின் லேபிள் மேசையில் அக்காவும் தம்பியும் இப்படி மோதிக்கொண்டிருந்த நேரத்தில், சண்டைக்குக் காரணமான மனிதர் இருபதடி தள்ளி ஒரு சின்ன அறையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. அவருக்குக் கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாம் பாதுகாப்பு விதிப்படி நடந்ததுதான்.

அந்த மனிதர் கிடங்கின் முற்றத்தில் லாரியிலிருந்து பெட்டி இறக்குகிறவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளில்கூட யாருக்கும் நினைவுக்கு வராது. தோளும் முதுகும் இருக்கிற அகலத்துக்கு பீரோ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். லேபிள் ஒட்டுகிற அக்கா அவருடைய மனைவி. தம்பி, உறைநிலை அறைக்குள் பெட்டி அடுக்குகிறவன். கம்பளிக் குல்லாயைக் கழற்றியதைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் அவன் பெயர் குல்லா. ஒரே வீட்டு ஆட்கள் மூவரும் ஒரே கூரைக்குக் கீழே மூன்று தட்பவெப்பத்தில் வேலை பார்த்தார்கள். பீரோவுக்குக் கொதிக்கிற முற்றம், அக்காவுக்கு மின்விசிறி சுற்றுகிற கூடம், குல்லாவுக்கு மைனஸ் பதினெட்டு. வீட்டில் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் ஒருவர் வேர்க்கிறது என்பார், ஒருவன் குளிர்கிறது என்பான். நடுவில் இருப்பவள் பேசாமல் சாப்பிடச் சொல்லுவாள்.

போன வாரம் பீரோ முற்றத்தில் லாரிக்குப் பின்னால் சரிந்து விழுந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கியும் முடியாமல், கடைசியில் பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்து தூக்கினார்கள். டாக்டர் அவருடைய மூத்திரத்தைப் பரிசோதித்துவிட்டு, கிட்னி ஏற்கெனவே முகம் சுளிக்கிறது, வெயிலில் இன்னொரு முறை விழுந்தால் அது சொல்லிக்கொள்ளாமல் போய்விடும் என்று எச்சரித்தார். வேறு வேலை இருக்கிறதா என்றும் கேட்டார். இருந்தது. உறைநிலை அறையில் ஒருவர் விலகிப் போனதால் ஓர் இடம் காலி. விருப்பமுள்ளவர்கள் இன்று பன்னிரண்டு மணிக்குள் வெப்பச் சோதனையில் தேறி, பட்டியலில் பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடம் வெளியாளுக்கு.

அக்கா மூன்று நாளாக வேறு எதையும் யோசிக்கவில்லை. பன்னிரண்டு மணி, கையெழுத்து. அவ்வளவுதான் அவளுக்கு உலகம்.

சிக்கல் எல்லாம் அந்த வெப்பச் சோதனையில்தான் இருந்தது.

பாதுகாப்பு அதிகாரியை எல்லோரும் சேஃப்டி சார் என்பார்கள். நல்ல மனிதர், யார் மனமும் நோகப் பேசமாட்டார். கையில் எப்போதும் பச்சை அட்டை போட்ட விதிப் புத்தகம், இடுப்பில் நெற்றிக்கு நேரே நீட்டினால் வெப்பம் காட்டுகிற துப்பாக்கி. தலையில் ஹெல்மெட், மேலே இரண்டு சட்டைகளுக்கு மேல் ஒரு மஞ்சள் ஜாக்கெட், காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ். இதில் ஒன்றைக் கழற்றினாலும் விதிமீறல் என்பதால் தூங்கும்போதும் அப்படித்தான் தூங்குவார் என்று முற்றத்தில் ஒரு பேச்சு உண்டு.

புத்தகம் முப்பது வருஷத்துக்கு முந்தையது. எழுதியவருக்கு அந்தக் காலத்தில் ரொம்பக் குளிர்ந்திருக்க வேண்டும். உறைநிலை அறையில் இருபது நிமிஷம் வேலை செய்தவர்கள் பத்து நிமிஷம் சூட்டறையில் உட்கார வேண்டும் என்பது முதல் விதி. சூட்டறையில் ஹீட்டர் எப்போதும் எரிய வேண்டும். அறை இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. எவ்வளவுக்கு மேலே ஏறக் கூடாது என்று எங்கும் இல்லை. யாரும் அணைத்துவிடாதபடி சுவிட்சைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வேறு வைத்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது ஜாக்கெட்டின் ஜிப் கழுத்துவரை மூடியிருக்க வேண்டும். ஒருமுறை குல்லா, சார் வெளியிலயே நாப்பத்தி நாலு அடிக்குது, இந்த ஹீட்டர் எதுக்கு என்று கேட்டான். சேஃப்டி சார் நியாயமாகவே யோசித்துவிட்டு, வெளியே அடிப்பது பதிவேட்டில் ஏறாதே என்றார்.

இரண்டாவது விதிதான் இன்று காலையில் ஊரைக் கூட்டியது. உள்ளே போகிறவர் நெற்றி முப்பத்தேழரைக்கு மேல் காட்டினால் காய்ச்சல் என்று அர்த்தம். உள்ளே விடக் கூடாது. ஓய்வறையில் ஓய்வெடுக்க வேண்டும். ஓய்வறை என்று தனியாக ஒன்று இல்லை. சூட்டறைதான் ஓய்வறை.

ஆக, காலை பத்து மணிக்கு வழக்கம்போல் சூட்டறைக்குப் போன உறைநிலை ஆட்கள் ஆறு பேரும் திரும்பி வரும்போது முப்பத்தெட்டு, முப்பத்தெட்டரை என்று காட்டினார்கள். காய்ச்சல் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். பத்து நிமிஷம் ஓய்வெடுத்துவிட்டு வந்து முப்பத்தொன்பது காட்டினார்கள். மறுபடி ஓய்வு. ஆறு பேரும் குளிர்ந்தால்தான் குளிருக்குள் போகலாம், குளிர்வதற்கு அவர்கள் அனுப்பப்பட்ட இடத்தில் ஹீட்டர். மாடியிலிருந்து மேனேஜர் போன் செய்து ஒரு மணி நேரமாக ஒரு பெட்டியும் வெளியே வரவில்லையே என்று கேட்டதற்கு, ஆட்கள் நிறைய ஓய்வெடுக்கிறார்கள், காய்ச்சல் பரவுகிறது என்று சேஃப்டி சார் கவலையோடு பதில் சொன்னார்.

குல்லாவும் அந்த ஆறில் ஒருவன். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று மூன்றாவது முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு வந்துதான் அக்காவிடம் அந்தப் பட்டாணி யோசனையைச் சொன்னான். ஆறு பேருக்கே இந்தக் கதி என்றால், முற்றத்து வெயிலிலிருந்து நேராக வருகிற மாமாவின் நெற்றி கடவுளே வந்தாலும் முப்பத்தேழரைக்குள் நிற்காது. உறையவைத்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று கிழிந்துபோய்த் தள்ளுபடிக் கூடையில் கிடக்கிறது. அதை நெற்றியில் வைத்துச் சூட்டைக் குறைத்துக்கொண்டு போனால் தேறிவிடலாம்.

யோசனையில் குறை ஒன்றுமில்லை. அக்கா பொட்டலத்தைத் துண்டில் சுற்றிக் கணவர் தலையில் கட்டி, கழிவறைச் சந்தில் நிற்க வைத்தாள். அரை நிமிஷத்தில் எடுக்கலாம் என்றிருந்தபோது லேபிள் இயந்திரம் காகிதம் சிக்கிக் கத்த ஆரம்பித்தது. போய்ச் சரிசெய்துவிட்டு வருவதற்குள் பன்னிரண்டு நிமிஷம். பீரோ அசையவே இல்லை. வருஷக் கணக்கில் முற்றத்தில் வெந்த மனிதருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நெற்றியாவது குளிர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சந்திலேயே சொக்கிப்போய் நின்றார். அக்கா பொட்டலத்தை அவிழ்த்து அவரை அப்படியே சோதனைக்குக் கூட்டிப்போனாள்.

சேஃப்டி சார் துப்பாக்கியை நீட்டினார். பார்த்தார். பேட்டரியைத் தட்டிவிட்டு மறுபடி நீட்டினார்.

"இருபத்தொன்பது புள்ளி நாலா? ஏம்ப்பா, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன் சார்."

சேஃப்டி சார் பதிவேட்டில், உயிருடன் இருப்பதாகச் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டார். பிறகு மூன்றாவது விதியைப் புரட்டினார். முப்பத்தைந்துக்குக் கீழே காட்டினால் குளிர் தாக்கியிருக்கிறது. உடனே கம்பளி போர்த்தி ஹீட்டருக்குப் பக்கத்தில் முப்பது நிமிஷம். அதற்கு முன் வெளியே விடக் கூடாது.

முற்றத்து வெயிலில் நின்றவருக்குக் குளிர் எப்படித் தாக்கும் என்று அக்கா கேட்காமல் இல்லை. அதுதான் தனக்கும் பயமாக இருக்கிறது, ரொம்ப முற்றிய கேஸாக இருக்கும்போல என்று சொல்லி, சேஃப்டி சார் கம்பளியைத் தன் கையாலேயே போர்த்திவிட்டார். பட்டாணியைப் பற்றிச் சொன்னால் மோசடி என்று பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் முப்பது நிமிஷம் ஹீட்டர். அக்கா நேராக லேபிள் மேசைக்கு வந்து தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சண்டையைத்தான் நாம் ஆரம்பத்தில் கேட்டோம்.

"சரிக்கா, முப்பது நிமிஷம்தானே. பதினொன்னு இருபத்தஞ்சுக்கு வெளிய வந்துருவாரு. ஆறவிட்டு மறுபடி காட்டுனா ஆச்சு," என்றான் குல்லா.

"அவரு ஆறுறதுக்குள்ள மணி பன்னெண்டு ஆயிரும்டா. அந்த உடம்பு ஆறணும்னா சும்மாவா."

சொல்லிக்கொண்டே அவள் சூட்டறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். உறைநிலை ஆட்கள் ஐந்து பேரும் ஜிப்பைக் கழுத்துவரை மூடிக்கொண்டு, நாக்கு வெளியே தள்ளாத குறையாக பெஞ்சில் சாய்ந்திருந்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பீரோ ஹீட்டரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சென்றால் சும்மா முணுமுணுப்பு இல்லை, குனிந்து, கைகட்டி, பணிவாகப் பேசினார்.

அக்கா கதவை ஒருக்களித்துக் காது கொடுத்தாள்.

"வாங்க அத்தை. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன், உங்களுக்குக் காத்து வரட்டும்."

ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை ஹீட்டருக்கு மாமியார் வேஷம் கட்டி நடிக்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். குல்லாவும் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தான். அம்மாவும் இப்படித்தான் உர்ரென்று உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் போனால் சுடும், மாமா சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார் என்றான்.

அக்காவுக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற தாயை ஹீட்டர் என்றால் யாருக்குத்தான் வராது. ஆனால் கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"டேய், சிரிக்காத," என்றாள். "பதினெட்டு வருஷத்துல இவரு எங்கம்மாவ வாங்கன்னு ஒரு தடவ கூப்பிட்டதில்ல. உக்காருங்கன்னு சொன்னதில்ல. பிரயாணம் சௌகரியமான்னு இவரு கேக்குறாருன்னா, மூளை கலங்கிப் போச்சுடா."

குல்லாவின் சிரிப்பு நின்றது. அது உண்மை என்று அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமியார் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் பீரோ கொல்லைப்பக்கம் வழியாக வெளியேறுகிறவர்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கணவர் கழுத்தில் கை வைத்தாள். அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. சாதாரணமாகச் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வேர்வை வருகிற மனிதர்; இப்போது தோல் காய்ந்த காகிதமாக இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்து, அத்தைக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொன்னார்.

சேஃப்டி சார் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் பதினைந்து நிமிஷம் பாக்கி என்றார். அக்கா அவர் கையைப் பிடிக்காத குறையாக, இப்போது ஒருமுறை பார்க்கச் சொன்னாள். துப்பாக்கி நாற்பது புள்ளி இரண்டு காட்டியது. சேஃப்டி சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மடமடவென்று புத்தகத்தைப் புரட்டினார். முப்பத்தேழரைக்கு மேல், காய்ச்சல், ஓய்வறைக்கு அனுப்பவும். அவர் நிமிர்ந்து அறையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி அறையைப் பார்த்தார்.

"ஏற்கெனவே அங்கதாம்மா இருக்காரு," என்றார் பாவமாக.

"குளிர் அறை வாசல் அந்தா இருக்கு சார். நாலு டிகிரி. முன்னறையில போட்டா பொழச்சுக்குவாரு."

"நாப்பது காட்டுற ஆள உள்ள விடக் கூடாதும்மா. ஆளுங்கன்னா முப்பத்தேழரை. நான் என்ன செய்யட்டும்?"

அவர் சொன்னதில் அக்கா ஒரே ஒரு வார்த்தையைத்தான் எடுத்துக்கொண்டாள். ஆளுங்கன்னா.

அவள் ஓடினாள். பதினோரு வருஷமாக லேபிள் அடித்த கை, பார்க்காமலே அடித்தது. இயந்திரம் கிர்ரென்று துப்பியதைக் கிழித்துக்கொண்டு வந்து, கம்பளியையும் சட்டையையும் விலக்கிக் கணவர் நெஞ்சில் அழுத்தி ஒட்டினாள். பொருள்: பீரோ. எண்ணிக்கை: ஒன்று. மொத்த எடை: தொண்ணூற்றிரண்டு கிலோ. இரண்டு முதல் நான்கு டிகிரிக்குள் வைக்கவும். கவனமாகக் கையாளவும். இந்தப் பக்கம் மேலே. அவசரத்தில் அம்புக்குறி கால் பக்கம் பார்த்துவிட்டது.

குல்லா அதற்குள் தள்ளுவண்டியோடு வந்துவிட்டான். பெஞ்சில் கிடந்த ஐந்து பேரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு எழுந்து, கம்பளியை உருவி எறிந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து பீரோவை வண்டியில் ஏற்றினார்கள். அவர் எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். அதைக் கேட்டு அக்காவும் வண்டியைப் பிடித்து வேகமாகத் தள்ளினாள். நன்றி என்ற சொல்லும் அந்த மனிதர் வாயில் புழங்காத சரக்கு.

முன்னறை என்பது உறைநிலை அறைக்கு முன்னால் பெட்டிகள் காத்திருக்கிற கூடம். வாசலில் பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும். தரையில் ஒரு மஞ்சள் கோடு. சேஃப்டி சார் ஓடிவந்து கோட்டின் மேல் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"நெத்தி பார்க்காம யாரும் உள்ள போகக் கூடாது."

"இது யாரும் இல்ல சார், சரக்கு," என்றாள் அக்கா. "சரக்குக்கு நெத்தி பார்க்கணும்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

சேஃப்டி சார் லேபிளைப் படித்தார். இரண்டு முதல் நான்கு டிகிரிச் சரக்கு பத்து நிமிஷத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. அப்படி நின்றால் பொறுப்பு பாதுகாப்பு அதிகாரியைச் சேரும். பக்கம் நாற்பத்தொன்று, அவர் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்த விதி. அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. வழி தெரியாமல் நின்றவருக்கு யாரோ ஒரு பக்க எண் சொன்ன மாதிரி. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"காலாவதித் தேதி போடலியேம்மா."

"அது போட வேணாம்னுதான் சார் உள்ள கொண்டுபோறேன்."

சேஃப்டி சார் கையைக் கீழே போட்டு வழிவிட்டார். சரக்கோடு போனவர்களின் நெற்றியைப் பார்க்க அந்த அவசரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

முன்னறைக் குளிரில் அட்டைப் பெட்டிகளைப் பரப்பி அவரைப் படுக்க வைத்தார்கள். சட்டையைக் கிழித்து, குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து, ஐந்து பேர் ஐந்து அட்டையால் விசிறினார்கள். குல்லா தள்ளுபடிக் கூடையையே தூக்கிக்கொண்டு வந்தான். சுவரில் ஒட்டியிருந்த முதலுதவிப் படத்தில் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று மூன்று இடங்களில்தான் வட்டம் போட்டிருந்தது; வருஷக் கணக்கில் அந்தப் படத்துக்கு முன்னால் பெட்டி அடுக்கியவன் இன்றுதான் அதைப் படித்தான். நெற்றிக்கு வட்டமே இல்லை. பட்டாணியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டோமே என்று அவன் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டான். அக்கா, அடிச்சுக்கிற கையில ஒரு பொட்டலத்தைப் பிடி என்றாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். இன்று மட்டும் இதே மாதிரி பதினேழாவது அழைப்பு, ஊர் முழுக்கக் கட்டட வேலை, ரோடு வேலை என்று விழுந்துகொண்டிருக்கிறார்கள், வர முக்கால் மணி ஆகும், அதுவரை குளிரவையுங்கள் என்றது அந்தப் பக்கத்துக் குரல். குளிரவைக்க வசதி இருக்கிறதா என்றும் கேட்டது. குல்லா சுற்றிலும் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றான்.

அக்கா கணவர் தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இன்னும் மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தார். அத்தைக்குத் தலையணை வைத்தாயா என்றார். அத்தை இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் கண் நிறைந்தது. இப்படி ஒரு மருமகன் வாய்க்க வேண்டும் என்று அம்மா வேண்டாத சாமி இல்லை. வாய்த்த நேரத்தில் அக்கா வேண்டாம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

நிமிஷம் போய்க்கொண்டிருந்தது. பிறகு பேச்சு நின்றது. பிறகு மேல் உதட்டில் முத்து முத்தாய் வேர்வை அரும்பியது. குல்லாதான் முதலில் பார்த்தான். வேர்க்குதுக்கா என்று புதையல் கண்ட மாதிரி சொன்னான். பீரோ கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார், விசிறுகிற ஐந்து பேரைப் பார்த்தார், தன் நெஞ்சிலிருந்த லேபிளை மெதுவாகத் தடவினார். மனைவியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"உங்கம்மா வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி ஒரு கனவு. என்ன புழுக்கம். அந்தப் பொம்பள எப்பக் கிளம்புது?"

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெற்ற தாயை இதைவிடக் கேவலமாக யாரும் பேசியதில்லை. கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவளும் இல்லை. குல்லா, மாமா வந்துட்டாரு, மாமா வந்துட்டாரு என்று ஐந்து பேரிடமும் சொன்னான். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார்கள். இந்த அம்பு ஏன் என் காலைப் பார்க்குது என்று அவர் சண்டைக்கு வந்தபோது, இனி பயமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அக்கா நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டு.

கடிகாரத்துக்குக் கீழே பலகை. பலகையில் கிளிப் போட்டு அந்தப் பட்டியல், நூலில் கட்டித் தொங்குகிற பேனா. உறைநிலை ஆட்கள் பட்டியல் முன்னறைச் சுவரில்தான் இருக்க வேண்டும், வேறெங்கும் எடுத்துப் போகக் கூடாது, அதுவும் புத்தகத்தில் உள்ளதுதான். அவள் பட்டியலில் கணவரின் சொந்தப் பெயரைத் தன் கையால் எழுதினாள். எழுதும்போதுதான் இது அவருடைய பெயர் என்று குல்லாவுக்கே தெரிந்தது. பக்கத்தில் வெப்பம் என்று ஒரு கட்டம், கையெழுத்து என்று ஒரு கட்டம்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் பட்டைகளைத் தோளால் விலக்கியபடி சேஃப்டி சார் நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறார். முகம் செக்கச் சிவந்திருந்தது. ஹெல்மெட் வாரிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாய் மஞ்சள் ஜாக்கெட்டில் விழுந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார்.

"சார், துப்பாக்கிய இப்படிக் கொடுங்க," என்றாள்.

அவர் கொடுத்தார். அவள் கணவரின் நெற்றிக்கு நீட்டினாள். முப்பத்தேழு புள்ளி மூன்று. எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினாள். கட்டத்தில் எழுதினாள். இன்று வேலைக்கு அனுப்பச் சொல்லவில்லை, ஆம்புலன்ஸில்தான் போகப் போகிறார், டாக்டர் எப்போது சொல்கிறாரோ அப்போது வரட்டும். ஆனால் வந்தால் முற்றத்துக்கு வரக் கூடாது, இந்த இடத்துக்கு வர வேண்டும் என்றாள். சோதனையில் தேறிவிட்டார், நேரமும் இருக்கிறது, விதிப்படி பாக்கி ஒரு கையெழுத்துதான்.

சேஃப்டி சார் தலையை ஆட்டினார். தேறிவிட்டதை அவரும் ஒத்துக்கொண்டார். பேனாவைப் பார்த்தார். நாலே எட்டு வைக்கிற தூரம். வலது காலைத் தூக்கிக் கோட்டுக்கு மேலே கொண்டுவந்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். விரித்துப் பிடித்த புத்தகத்தில், உள்ளே போகிறவர் நெற்றியைப் பார்க்கச் சொல்லும் இரண்டாவது விதி இருந்தது.

அக்கா துப்பாக்கியைத் திருப்பி அவர் ஹெல்மெட்டுக்குக் கீழே நீட்டினாள். பார்த்தாள். குல்லா எட்டிப் பார்த்துவிட்டுக் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அட்டை விசிறுவது நின்றது. பெட்டி மேல் சாய்ந்திருந்த பீரோகூடக் கழுத்தைத் திருப்பினார்.

"முப்பத்தெட்டு புள்ளி ஆறு சார் உங்களுக்கு. பேனா இந்தப் பக்கம் இருக்கு, ஹீட்டர் அந்தப் பக்கம் இருக்கு. தூக்குன கால எங்க வைக்கப் போறீங்க?"